அப்பாவின் இரட்டைக்குழல்

அப்பாவை எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை, எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். நாங்கள்தான் கூப்பிட்டிருந்தோம். அலமாரிக்குள் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியையும் மிச்சமிருந்த பதினொரு தோட்டாக்களையும் எண்ணிக் கொடுத்தோம். ரசீது எழுதித் தந்தார்கள். அவர்கள் வண்டி தாப்பா சாலையில் வளைவு திரும்பும்வரை அம்மா வாசலில் நின்று பார்த்தார். “போனது போகட்டும்” என்றார். அப்பாவைச் சொல்கிறாரா, துப்பாக்கியைச் சொல்கிறாரா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மற்ற சொத்துபோல் துப்பாக்கி பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடாது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் ஒரு மனிதரின் பெயரில்தான் இருக்கும். அந்த மனிதர் போய்விட்டால் வீட்டில் இருப்பது வெறும் குற்றம். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டுவரை சிறைக்கு அனுப்பும். பிரம்படி தனி. அதனால்தான் சாம்பல் ஆறுவதற்குள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தோம்.

“விட்டுடுக்கா, நமக்கெதுக்கு அது? அரசாங்கமே உருக்கிக்கட்டும்” என்றான் தம்பி. அவன் சிங்கப்பூரில் இருக்கிறான். துப்பாக்கி என்ற சொல்லே அங்கே கெட்ட வார்த்தை.

எனக்கு விட மனம் வரவில்லை. அதற்குக் காரணம் பாசம் என்று சொன்னால் பொய். எனக்கு அந்தத் துப்பாக்கி தேவைப்பட்டது.

கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணக்காய்வு வேலை எனக்கு. உடன் வேலை செய்யும் சீனத் தோழி ஒருத்தி, ஒரு சனிக்கிழமை என்னைச் சுடுகளத்துக்கு இழுத்துப்போனாள். களிமண் தட்டு சுடும் இடம். பெயர்தான் களிமண், தட்டில் இருப்பது சுண்ணாம்புக்கல் தூளும் கீலும். 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. கோப்பைக்கு அடியில் வைக்கும் சாசர் அளவுதான். தரைக்கடியில் ஒரு பள்ளத்தில் இருக்கும் இயந்திரம் அதை மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் நமக்கு எதிர்ப்புறமாக வீசும். இடப்பக்கமா, வலப்பக்கமா, நேராகவா என்று முன்கூட்டித் தெரியாது. நாம் “புல்!” என்று கத்த வேண்டும். உடனே தட்டு பறக்கும். அது எட்டாத தூரம் போவதற்குள் சுட வேண்டும். ‘ட்ராப்’ என்பது அந்த ஆட்டத்தின் பெயர்.

முதல் நாள் இருபத்தைந்து தட்டில் நான் உடைத்தது மூன்று. அந்த மூன்றும் கறுப்புப் பொடியாக ஆகாயத்தில் கரைந்ததை இரவு படுக்கையில் நினைத்து நினைத்துப் பார்த்தேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். “புல்லுன்னு எதுக்குக் கத்துற? மாடு மேய்க்கிறியா?” என்றார்.

அதன் பிறகு மாதம் இரண்டு முறையாவது போனேன். களத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும் துப்பாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல் வைத்தது. இன்று போட்டிகளில் பார்ப்பதெல்லாம் அந்த வகைதான். 1931-ல் விற்பனைக்கு வந்த பிரௌனிங் மேல்-கீழ் துப்பாக்கி பிரபலமான பிறகு, பக்கத்தில் பக்கத்தில் குழல் வைத்த பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் மெல்ல வேட்டைக்கும் சுவருக்கும் ஒதுங்கிவிட்டன. குறிபார்க்கும்போது கண்ணுக்கு முன்னால் ஒரே குழல் தெரிவது சௌகரியம். இரண்டு குழல் பக்கவாட்டில் இருந்தால் அகலமான ஒரு பலகைக்குமேல் பார்ப்பதுபோல இருக்கும்.

எங்கள் வீட்டில் இருந்தது அந்தப் பலகைதான்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறினால் முதலில் வரும் ஊர் ரிங்லெட். சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று மேலே போய்விடுவார்கள். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் எங்களுக்குக் கிட்டத்தில்தான். அந்தக் காலத்தில் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். தாத்தாவின் அப்பா புதுக்கோட்டைச் சீமையில் திருமயம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். தாத்தா இங்கே வேறொரு தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். அவசரகாலம் 1960-ல் முடிந்தது. மறு வருஷம் ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர், கொண்டுபோக மனமில்லாமலோ சுமையென்றோ, தன் துப்பாக்கியைத் தாத்தாவுக்கு விற்றுவிட்டுப் போனாராம். என்ன விலை என்று வீட்டில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். தோட்டத்து ஓரத்துக் கிழங்குக் கொல்லைகளைக் காட்டுப்பன்றி உழுதுபோடும். அதற்காகத்தான் உரிமம் கிடைத்தது. தாத்தாவுக்குப் பிறகு அப்பா. அவர் தேயிலையை விட்டுவிட்டுத் தக்காளியும் முட்டைக்கோசும் போட்டார். ஆனால் பன்றிக்குத் தேயிலை, தக்காளி என்ற பேதமெல்லாம் இல்லை.

நான் விவரம் தெரிந்து பார்த்தவரை அப்பா அந்தத் துப்பாக்கியால் ஒரு முறைகூடச் சுட்டதில்லை. தோள்வலி என்பார். ஆனால் மாதம் ஒரு முறை எடுத்து எண்ணெய் போடுவார். கேமரன் ஈரத்தில் இரும்பு இரண்டு வாரத்தில் பூத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்த எண்ணெய் வாசனையும் தோசை வாசனையும் கலந்து வரும். உரிமம் புதுப்பிக்கும் நாளுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார்.

என் பெயருக்கு உரிமம் வர பதினான்கு மாதம் ஆனது. படிவம், நேர்காணல், சுடுகளத்துக் கடிதம், வீட்டில் பெட்டி இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் என்று நீண்டது. அதில் குறைசொல்ல எதுவுமில்லை. துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கும் நாட்டில் வாழ எனக்கும் ஆசையில்லை. காத்திருந்த நாட்களில் ஒன்றில்தான், 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆடவர் ட்ராப் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்ற செய்தியைப் படித்தேன். மூவர் குழுவில் ஒருவர் பிரித்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். மறு வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ட்ராப் சுட்டார். அம்மாவிடம் செய்தியைக் காட்டினேன். “நம்ம ராசா வீட்டுப் பிள்ளையா?” என்று படத்தை வாங்கிப் பார்த்தார். “அவங்க வீட்டுல புலி சுட்ட பழக்கம் இருந்திருக்கும். நமக்குக் கெழங்கு காவல் காத்த பழக்கந்தான்” என்று திருப்பிக் கொடுத்தார்.

துப்பாக்கி கைக்கு வந்ததும் களத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பழைய துப்பாக்கியைத் தட்டு சுடுவதற்கு மாற்ற வேண்டும் என்றால் குழல்வாயின் இறுக்கத்தைத் தளர்த்து, தோட்டா அறையை நீட்டு, கட்டையை அறுத்துக் குட்டையாக்கு, ரப்பர் வை என்று ஒரு பட்டியலே சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். அங்கே உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டிய சீனர், பழுதுபார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள். இந்த வேலையை உரிமம் இல்லாதவர் தொடக்கூடாது. தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் கொடுத்துச் செய்துகொள்ளும் காரியமல்ல.

நாங்கள் மலாயில் பேசிக்கொண்டோம். என்னை ‘அடிக்’ என்றார், நான் ‘அங்கிள்’ என்றேன். தாளை வாங்கினார். படிக்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தார். துப்பாக்கியை மூன்று துண்டாகக் கழற்றி, குழல்களின் அடிப்பக்கத்தைத் திருப்பி விளக்குக்குக் கீழே பிடித்தார். தேய்ந்த சின்னச் சின்ன முத்திரைகள். நான் இத்தனை வருஷத்தில் அவற்றைப் பார்த்ததே இல்லை.

“இதுதான் இதன் பிறப்புப் பத்திரம்” என்றார்.

கிரீடத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ‘என்.பி.’ என்று இரண்டு எழுத்து. பர்மிங்ஹாமில் 1813 முதல் இருக்கும் சோதனைச் சாலையில், புகையில்லா மருந்துக்கு இந்தக் குழல் தாங்கும் என்று அளவுக்கு மீறிய மருந்து போட்டு வெடித்துப் பார்த்து அடித்த முத்திரை. பக்கத்தில் .729. அது குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். பன்னிரண்டு போர் என்கிறோமே, அந்தக் கணக்கும் அங்கேதான் வருகிறது: ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு குண்டாக உருட்டினால் ஒரு குண்டு இருக்கும் விட்டம் அது. அதற்கும் பக்கத்தில் 2½. தோட்டா அறையின் நீளம்.

“இப்போது கடையில் விற்பது 2¾ அங்குலத் தோட்டா, 70 மில்லிமீட்டர். இந்த அறை 65. போட்டுப் பார்த்தால் உள்ளே போகும். அதுதான் வினை” என்றார். தோட்டாவின் மேல் குறித்திருக்கும் நீளம் சுட்ட பிறகு இருக்கும் நீளம். சுடும்போது மடிந்திருக்கும் வாய் விரியும். விரிய இடமில்லாமல் குறுகும் பகுதிக்குள் போய் அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். பெட்டியில் அப்பா வைத்திருந்த பதினொரு தோட்டாவும் 65 மில்லிமீட்டர்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“அறையை நீட்டிவிட்டால்?”

“நீட்டலாம். அங்கே குழலின் சுவர் மெலியும். மறுபடி சோதனை போட வேண்டும். பர்மிங்ஹாமுக்கு அனுப்புவாயா? ஒலிம்பிக் தோட்டாவிலேயே இப்போது 24 கிராம் ரவைக்குமேல் அனுமதியில்லை. இந்தத் துப்பாக்கி 32 கிராமுக்குச் சோதிக்கப்பட்டது. 65-ல் 24 கிராம் தோட்டா வரவழைத்துத் தருகிறேன். துப்பாக்கியை அறுக்காதே, தோட்டாவை மாற்று.”

தாளில் முதல் வரி அடிபட்டது.

பிறகு ஒரு நீண்ட அளவுகோலைக் குழலுக்குள் விட்டார். லேத் பட்டறைகளில் ‘தவ்’ என்பார்களே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அந்தக் கணக்கு. பிறந்தபோது .729 ஆக இருந்த வலக்குழல் இப்போது .736. அறுபது எழுபது வருஷத் துருவும் தேய்ப்பும் ஏழு தவ்வைத் தின்றிருந்தன. பத்தைத் தாண்டினால் பிறப்புப் பத்திரம் செல்லாது. உள்ளே இருக்கும் புள்ளிகளை மினுமினுப்பாகத் தேய்த்துக் கொடுங்கள் என்று கேட்க வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன். இன்னும் மூன்று தவ். ஒரு தலைமுடியின் கனம்.

குழல்வாயைப் பார்த்தார். வலக்குழலில் ஆறு தவ் இறுக்கம், இடக்குழலில் முப்பத்து நான்கு. குழல் முனையில் கொஞ்சம் குறுகினால் ரவை சிதறாமல் கட்டுக்கோப்பாகப் போகும். தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்துவதுபோல. இறுக்கமே இல்லாத குழலில் 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் விழுவது நூற்றுக்கு நாற்பது ரவை. முழு இறுக்கத்தில் எழுபது.

“தளர்த்தச் சொன்னார்களா? எந்த ஆட்டம் ஆடுகிறாய்?”

“ட்ராப்.”

“தளர்த்தச் சொன்னவன் ஸ்கீட் ஆடுகிறவனாக இருப்பான்.” முதல் தடவையாகச் சிரித்தார். ஸ்கீட்டில் தட்டு குறுக்கே, கிட்டத்தில் பறக்கும். அதற்கு அகலமாகச் சிதறும் குழல் வேண்டும். ட்ராப்பில் தட்டு விலகி ஓடுகிறது. ஒலிம்பிக் ட்ராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா. இந்தத் துப்பாக்கியில் விசையும் இரண்டு. முன்விசை தளர்ந்த வலக்குழல், பின்விசை இறுகிய இடக்குழல். முதல் அடி கிட்டத்தில், தப்பினால் இரண்டாம் அடி தூரத்தில். “விலகி ஓடும் பறவைக்காகச் செய்த துப்பாக்கி. உன் தட்டும் விலகித்தானே ஓடுகிறது?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தட்டு சுடும் ஆட்டமே பறவைக்குப் பதிலாக வந்ததுதான். ஆரம்பத்தில் உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து விடுவித்துச் சுட்டார்கள். ‘ட்ராப்’ என்ற பெயரே அந்தப் பொறியிலிருந்து வந்தது. 1880-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் தட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்குப் பிறகும், 1900-ல் பாரிஸ் விளையாட்டுகளில் உயிர்ப்புறா சுடும் போட்டி நடந்தது. வென்ற பெல்ஜியக்காரர் 21 புறாக்களைக் கொன்றார். களத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறை ‘கிளே பிஜன்’ என்று கேட்கும்போதும் அந்தப் புறா உறுத்தும்.

தாளில் மிஞ்சியது கட்டை. வாடகைத் துப்பாக்கியிலேயே எனக்குக் கட்டை நீளம்தான் பெரிய தொல்லை. அப்பாவுடையது அதைவிட மோசம். தூக்கினால் அக்குளில் சிக்கிக்கொள்ளும். அங்கிள் அளந்தார். விசையிலிருந்து கட்டையின் பின்முனைவரை 14¾ அங்குலம். என் முழங்கையை மடக்கச் சொல்லி அளந்துவிட்டு, “உனக்கு ஓர் அங்குலம் குறைக்க வேண்டும்” என்றார். வால்நட் மரம். அறுத்தால் அறுத்ததுதான்.

பின்முனையில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை இருந்தது. நான் அதைத் துப்பாக்கியோடு பிறந்தது என்றே நினைத்திருந்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்து, “இது லோரி டயர்” என்றார். இரண்டு திருகாணியைக் கழற்றினார். டயர் துண்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டை, அதையும் தட்டி எடுத்தார். அடியில் இருந்த மரத்தில் கைவாளால் அறுத்த கீறல்கள், கொஞ்சம் கோணலாக. இங்கிலீஷ்காரன் பின்முனையில் செதுக்கும் கட்டக்கோடு எதுவும் இல்லை.

“யாரோ அறுத்திருக்கிறார்கள். பிறகு வேறு யாரோ ஒட்டியிருக்கிறார்கள்.”

தாத்தா குள்ளம். படத்தில் பாட்டியைவிட ஓர் அங்குலம்தான் உயரம். அப்பா ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. துரைக்குச் செய்த கட்டையைத் தாத்தா தன் கைக்கு அறுத்திருக்கிறார். அப்பா தன் கைக்கு நீட்டியிருக்கிறார். டயரையும் திருகாணியையும் மேசையில் வைத்துவிட்டு அங்கிள் மறுபடி அளந்தார். 13¾. என் தோளில் வைத்துப் பார்த்தார்.

“ஒன்றும் அறுக்க வேண்டாம். இது உன் அளவுதான்.”

நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன தாத்தாவின் கை நீளம் எனக்கு இருப்பது ஈப்போவில் ஒரு கடையில்தான் தெரியவந்தது. கன்னம் பதியும் இடம் மட்டும் தாழ்வாக இருந்தது. ட்ராப் தட்டு மேலேறிக்கொண்டே போகும். கண் கொஞ்சம் உயர இருக்க வேண்டும். அதற்குத் தோலால் ஓர் உறை, வார் போட்டு இறுக்கிக் கட்டுவது. வேண்டாத நாளில் அவிழ்த்துவிடலாம். பின்முனைக்கு மெல்லிய ரப்பர் ஒன்று. வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“இன்னொன்று இருக்கிறது” என்றார். “பூட்டு.”

கட்டையின் கழுத்தில், கட்டைவிரல் படும் இடத்தில், ஒரு சின்ன நகர்த்தி. துப்பாக்கியைத் திறக்கும் நெம்பை ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அது தானாகப் பின்னால் நகர்ந்து விசையைப் பூட்டிவிடும். சுடுவதற்கு முன் விரலால் முன்னே தள்ள வேண்டும். வேட்டைத் துப்பாக்கிகளின் வழக்கம் இது. தட்டு சுடுகிறவர்களுக்கு இடைஞ்சல். ஒரு சுற்றில் இருபத்தைந்து தட்டு, ஒவ்வொன்றுக்கும் திறந்து தோட்டா போட வேண்டும், ஆக இருபத்தைந்து முறை பூட்டிக்கொள்ளும். தள்ள மறந்தால் தட்டு போனது போனதுதான். நடுவர் இரக்கம் காட்டமாட்டார். உள்ளே ஒரு சின்னக் கம்பியை எடுத்துவிட்டால் தானாகப் பூட்டாது. பத்து நிமிஷ வேலை, பின்னால் வேண்டுமென்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். தட்டு சுட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பதே இதைத்தானாம்.

“எடுத்துவிடுங்கள்” என்றேன். இரண்டாவது யோசனையே வரவில்லை. மற்ற எதற்கும் இவ்வளவு சுலபமாக நான் தலையாட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அன்று இரவே ரிங்லெட்டுக்குப் போனேன். சாப்பிடும்போது அம்மாவிடம் தாத்தாவின் அறுப்பு, அப்பாவின் டயர் எல்லாம் சொன்னேன். டயர் கதைக்குச் சிரித்தார். பூட்டைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“அந்தத் தானா விழுற பூட்டையா?”

“ஆமாம்மா. எடஞ்சல்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உங்கப்பா ஏன் துப்பாக்கிய எடுக்கிறத விட்டாருன்னு தெரியுமா?”

“தோள்வலி.”

“தோள்வலியும் இல்ல, முதுகுவலியும் இல்ல.”

1993-ல் நடந்தது. எனக்கு அப்போது ஆறு வயது, தம்பி வயிற்றில். கொல்லையில் சர்க்கரைவள்ளி போட்டிருந்தார்கள். இரண்டு ராத்திரி பன்றி வந்து பாதியை உழுதுவிட்டது. மூன்றாம் ராத்திரி அப்பா குடிசையில் காவலுக்கு உட்கார்ந்தார். மூடுபனி. இரண்டு மணிக்கு மேல் கொடிக்குள் சலசலப்பு. தோட்டா இருக்கிறதா என்று ஒரு முறை திறந்து பார்த்து மூடினார், தோளில் வைத்தார், சத்தம் வந்த இடத்தைப் பார்த்து விசையை இழுத்தார். விசை அசையவில்லை. திறந்து மூடியதில் பூட்டு விழுந்திருந்தது. பதற்றத்தில் விரலால் தள்ள மறந்துவிட்டார். தள்ளப் போன அந்த நேரத்துக்குள் கொடிக்குள்ளிருந்து ஓர் இருமல்.

லயத்துப் பையன். பத்துப் பன்னிரண்டு வயது. கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அப்பன் குடிகாரன், வீட்டில் அடுப்பெரியாத நாள்.

“உங்கப்பா துப்பாக்கியக் கீழ வெச்சிட்டு அவனக் கூப்பிட்டு, ஒரு சாக்கு நெறையக் கெழங்கு கட்டிக் குடுத்து, லயம் வரைக்கும் வெளக்கு புடிச்சிக் கொண்டாந்து விட்டாரு. அவன் அடி விழும்னு நடுங்கினானாம். கொல்லைக்கு வந்தவனுக்குக் கெழங்கு குடுத்த நல்ல மனுசன்னு இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கான். காரியத்துக்குக்கூட வந்திருந்தான். மூணு பிள்ளைங்க. நடந்தது அவனுக்கே தெரியாது.”

அப்பா அன்று விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்தவர் சுடுவதற்காக எடுக்கவேயில்லை. ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாம் என்று அம்மா பல தடவை கேட்டிருக்கிறார். ஒப்படைக்கவும் இல்லை. மாதம் ஒரு முறை எண்ணெய் போட்டார். முப்பது வருஷம் அவர் எதைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. திங்கள் காலை ஒன்பது மணி அடிக்கும்வரை அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. கம்பியை எடுத்துவிட்டாரோ என்று வேறு பயம். எடுத்திருந்தாலும் திரும்பப் போடலாம் என்று புத்திக்குத் தெரிந்தாலும், கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் தீரும்போல இருந்தது. அங்கிள்தான் போனை எடுத்தார். இன்னும் தொடவில்லை என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. “ஒன்று மட்டும் தெரிந்துகொள்” என்றார். “அந்தப் பூட்டு விசையைத்தான் தடுக்கும். உள்ளே இருக்கும் குதிரையை அல்ல. கீழே விழுந்தால் வெடிக்கலாம். அதை நம்பி வாயை யார் பக்கமும் காட்டாதே.”

அந்தத் துப்பாக்கியோடு நான் களத்தில் நின்ற முதல் நாள் கூட்டம் கூடிவிட்டது. எல்லோர் கையிலும் மூன்றரை கிலோவுக்கு மேல் கனத்த மேல்-கீழ் குழல். என் கையில் மூன்று கிலோகூட இல்லாத தோட்டத்துத் துப்பாக்கி. கனம் குறைந்தால் உதை கூடும் என்று பயந்தேன். 24 கிராம் தோட்டாவுக்கு அவ்வளவாக இல்லை. கனம் குறைந்ததன் வேறொரு தொல்லை அப்புறம்தான் தெரிந்தது: குழல் சட்டென்று நகர்கிறது, சட்டென்று நின்றும் விடுகிறது. தட்டோடு தொடர்ந்து போக வேண்டிய இடத்தில் நின்றுவிட்டால் ரவை தட்டுக்குப் பின்னால்தான் போகும். முதல் சுற்றில் இருபத்தைந்தில் பதினொன்று. தவறிய பதினான்கில் மூன்று, “புல்!” என்று கத்திவிட்டுப் பூட்டைத் தள்ளாமல் விசையை இழுத்தவை. தட்டு நிதானமாகப் பறந்துபோய்ப் புல்லில் இறங்கியது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“அந்தக் கம்பிய எடுத்துடு, பத்து நிமிஷ வேலை” என்று ஒருவர் வந்து சொன்னார். அன்று அவரோடு சேர்த்து நான்கு பேர் சொன்னார்கள். பதில் சொன்னால் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். சிரித்து வைத்தேன்.

இப்போது நன்றாகச் சுட்ட நாளில் பதினெட்டுவரை வருகிறது. வாடகைத் துப்பாக்கியில் அதைவிட இரண்டு மூன்று கூடுதலாக எடுப்பேன். இதைச் சொல்வதில் வெட்கமில்லை. பூட்டில் போகும் தட்டு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. அதையும் குறைக்கத்தான் ரிங்லெட்டுக்குப் போகும் வார இறுதிகளில், வெடிக்காத பொய்த்தோட்டாவைப் போட்டுக்கொண்டு, பின்கட்டில் மலைச்சரிவைப் பார்த்து நின்று பழகுகிறேன். திறப்பது, மூடுவது, தோளில் வைப்பது, விரலால் தள்ளுவது. அப்பாவின் டயர் துண்டு பக்கத்தில் மைலோ டின்னுக்குள் திருகாணிகளோடு இருக்கிறது. தம்பியின் மகன் வளர்த்தி அப்பா ஜாடை.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நகர்த்தி பின்னால் போகும் சத்தம் ‘டிக்’ என்று கேட்கும். மெல்லிய சத்தம்தான். அடுப்படியில் எது கொதித்தாலும் அம்மாவுக்கு அது கேட்டுவிடுகிறது.

“பூட்டிட்டியா?”

“அதுவே பூட்டிக்கிச்சும்மா.”

அடுத்த தடவையும் கேட்பார்.